8 வாரக் கருச்சிதைவுக்கு சக்‌ஷன்: கர்ப்பப்பை எங்கே கெடுகிறது, எப்படித் தவிர்ப்பது?

தாலுகா_ஓஜி (இழையைத் தொடங்கியவர்)

எட்டு, ஒன்பது வாரக் கர்ப்பம். ஸ்கேனில் துடிப்பு இல்லை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதியாகிவிட்டது. காத்திருக்க அந்தப் பெண்ணுக்கு மனமில்லை, அல்லது மாத்திரை கொடுத்தும் பாதிதான் வெளியே வந்தது. சக்‌ஷன் என்று முடிவாகிவிட்டது, அதாவது குழாய் வைத்து உறிஞ்சி கர்ப்பப்பையைக் காலி செய்வது. பேச்சை இங்கிருந்து தொடங்கலாம்.

ஓட்டை விழுவது, தொற்று, மிச்சத் திசு, பிறகு உள்ளே ஒட்டிக்கொள்வது. இந்த நான்கும் எல்லாருக்கும் தெரிந்தவைதான். ஆனால் தியேட்டரில் ஆளுக்கொரு பழக்கம் இருக்கிறது. என் கேள்விகள் மூன்று. சக்‌ஷன் முடிந்ததும் ‘செக்’ பண்ணுகிறேன் என்று ஷார்ப் கியூரெட்டால் (கூரான விளிம்புள்ள உலோகச் சுரண்டி) ஒரு சுற்று சுரண்டுவது தேவையா? ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் போதுமா, ஐந்து நாளா? ஒட்டுத் தடுப்பு ஜெல் எல்லாருக்கும் போடலாமா?

பத்தாம் நாள் ஸ்கேனில் ‘ஆர்.பி.ஓ.சி.’ (உள்ளே தங்கிய கர்ப்பத் திசு) என்று எழுதி வந்தால் என்ன செய்வது என்பதையும் யாராவது விரிவாகச் சொன்னால் நல்லது.


கோணவாய்_கேனுலா

முதல் கேள்விக்கு என் பதில்: தேவையில்லை. தேவையில்லை என்பதோடு, கெடுதலும்கூட. உலக சுகாதார நிறுவனம் 2012 வழிகாட்டியிலேயே ஷார்ப் கியூரெட்டை விட்டு வேக்யூமுக்கு, அதாவது உறிஞ்சும் முறைக்கு, மாறச் சொல்லிவிட்டது, 2022லும் அதையே சொல்கிறது. சக்‌ஷனுக்குப் பிறகு ‘முடித்துவைக்க’ சுரண்டுவதும் வழக்கமாகக் கூடாது என்பதுதான் நிலைப்பாடு.

காரணம் கர்ப்பப்பை உள்வரியின் அமைப்பில் இருக்கிறது. மாதாமாதம் உதிர்வது மேல் அடுக்கு. அது திரும்ப வளர்வது அடியில் இருக்கும் அடித்தள அடுக்கிலிருந்து. கர்ப்ப காலத்தில் கர்ப்பப்பைத் தசை ஊறிப்போய் மென்மையாக இருப்பதால் கியூரெட்டின் விளிம்பு அந்த அடித்தள அடுக்கையும் சேர்த்து எடுத்துவிடும். முன்சுவரிலும் பின்சுவரிலும் எதிரெதிரே தசை வெளிப்பட்டுவிட்டால் ஆறும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரிட்ஷ் 1894லும் ஆஷர்மேன் 1948லும் எழுதியது இதைத்தான்.

‘கரகரப்பு வரும்வரை சுரண்டு’ என்று பழைய பாடம் ஒன்று உண்டு. ஷார்ப் கியூரெட்டில் அந்தக் கரகரப்பு வந்துவிட்டால் அடித்தளத்தில் கை வைத்தாயிற்று என்று அர்த்தம். பிளாஸ்டிக் கேனுலாவில் (உறிஞ்சும் குழாய்) வரும் கரகரப்பு வேறு. அங்கே அது ‘உள்ளே ஒன்றும் இல்லை, நிறுத்து’ என்ற அறிகுறி. கேனுலா வழியாகச் சிவந்த நுரை வருகிறது, திசு வரவில்லை. சுவர் கேனுலாவை இறுக்கிப் பிடிக்கிறது. மயக்கம் கொடுக்காத பெண் என்றால் வயிற்றுப் பிடிப்பு கூடுகிறது என்கிறாள். இவை சேர்ந்து வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். ஆசைக்கு இன்னும் இரண்டு சுற்று சுற்றுவதில்தான் கெடுதல் தொடங்குகிறது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: கர்ப்பப்பைக்கு வரும் நீண்ட காலச் சேதத்தில் பெரும்பங்கு, அது காலியான பிறகு நாம் செய்யும் வேலையால் வருகிறது. அன்றைக்கே செய்யும் செக் கியூரெட் ஒன்று. பத்தாம் நாள் ஸ்கேனைப் பார்த்துச் செய்யும் இரண்டாவது சுரண்டல் இன்னொன்று.


பழைய_யூனிட்

மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது டாக்டர். செக் கியூரெட் எதற்கு வந்தது? மூலையில் கொஞ்சம் விட்டுவிட்டு மூன்றாம் நாள் ரத்தம் கொட்டிக்கொண்டு திரும்பி வருவதைத் தடுக்கத்தான். திரும்பி வந்தால் இரண்டாவது தடவை செய்ய வேண்டும். இரண்டாவது தடவைதான் ஒட்டுக்கு மிக மோசம் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரே தடவையில் சுத்தமாக முடிப்பது நல்லதில்லையா?


கோணவாய்_கேனுலா

நோக்கம் சரி சார், கருவிதான் தவறு. மூலையில் விட்டுப்போவதற்குக் காரணங்கள் நான்கைந்துதான். வாரத்துக்குச் சிறிய கேனுலா. வேக்யூம் பிடிக்காத சிரிஞ்ச். அடைத்துக்கொண்ட கேனுலாவை எடுத்துப் பார்க்காமல் தொடர்ந்து சுற்றுவது. இரட்டைக்கொம்புக் கர்ப்பப்பை என்று தெரியாமல் ஒரு கொம்பை மட்டும் காலி செய்வது. பெரிய ஃபைப்ராய்டு (தசைக் கட்டி) வழி மறித்திருப்பது. இவை ஒவ்வொன்றுக்கும் கியூரெட்டை விட நல்ல தீர்வு இருக்கிறது. உண்மையிலேயே எல்லாம் வந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் வெளியே வந்த திசுவைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மேஜையிலேயே ஸ்கேன் வைக்க வேண்டும். இரண்டும் கியூரெட்டை விடத் துல்லியம், இரண்டும் அடித்தள அடுக்கைத் தொடுவதில்லை.


தியேட்டர்_சிஸ்டர்

கேனுலா, சிரிஞ்ச் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், இதில் கவனக்குறைவு நிறைய நடக்கிறது.

எம்.வி.ஏ. (கையால் வேக்யூம் உண்டாக்கி உறிஞ்சும் முறை) சிரிஞ்ச் 60 மில்லி. வால்வை மூடி, பிளஞ்சரை இழுத்து, கைகள் வெளியே விரிந்து பூட்டிக்கொண்டதும் வேக்யூம் தயார். அப்படியே இரண்டு மூன்று நிமிடம் வைத்துவிட்டு வால்வைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஓ-ரிங் காய்ந்திருக்கிறது, அல்லது கீறல் விழுந்திருக்கிறது, அல்லது உள்ளே துணுக்கு மாட்டியிருக்கிறது. சிலிக்கான் ஒரு சொட்டு தடவி மறுபடி பாருங்கள். அப்படியும் சத்தம் வராவிட்டால் வேறு சிரிஞ்ச் எடுங்கள். இந்தச் சோதனையைப் பெண்ணை மேஜையில் ஏற்றுமுன் செய்ய வேண்டும். இரண்டாவது சிரிஞ்ச் தட்டில் தயாராக இருக்கட்டும்.

நல்ல சிரிஞ்சில் 600 மி.மீ. பாதரசத்துக்குச் சற்று மேலே வேக்யூம் கிடைக்கும். மின் சக்‌ஷன் மெஷினை வைப்பதும் ஏறத்தாழ 600லேயே. சிரிஞ்சில் ஐம்பது மில்லி அளவுக்கு நிரம்பிவிட்டால் இழுவை குறைந்துவிடும், கழற்றிக் கொட்டிவிட்டுத் தொடருங்கள். கேனுலா உள்ளே இருக்கும்போது பிளஞ்சரை முன்னால் தள்ளவே கூடாது. திசுவும் காற்றும் திரும்ப உள்ளே போகும், காற்று ரத்தக்குழாயில் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

கேனுலா அளவுக்குக் கணக்கு எளிது: எத்தனை வாரமோ ஏறத்தாழ அத்தனை மில்லிமீட்டர். எட்டு வாரத்துக்கு 8. கர்ப்பத்தின் வாரத்தைவிட கர்ப்பப்பையின் அளவை வைத்துத் தேர்ந்தெடுங்கள். மிஸ்டு (கரு இறந்தும் வெளியே வராதது) என்றால் தேதிப்படி பத்து வாரமாக இருந்தும் கர்ப்பப்பை எட்டு வார அளவே இருக்கலாம். சிறியதைப் போட்டால் அடைக்கும், நேரம் கூடும், சுற்றுவது கூடும். பெரியதைப் போட்டால் கர்ப்பப்பை வாயை அதிகம் விரிக்க வேண்டும், வாய் கிழியும். வழியில் அடைத்தால் கேனுலாவை வெளியே எடுத்து நுனியைச் சுத்தம் செய்யுங்கள்; உள்ளேயே குத்திக் குத்திப் பார்க்காதீர்கள்.


மயக்கம்_தெளியட்டும்

மயக்க மருத்துவர் பக்கத்திலிருந்து. ஹாலோதேன், செவோஃப்ளூரேன் மாதிரி வாயு மருந்துகள் கர்ப்பப்பையைத் தளர்த்தும். தளர்ந்த கர்ப்பப்பையில் ரத்தம் அதிகம், சுவர் மென்மை, ஓட்டை விழ வாய்ப்பும் கூடுதல். ஐ.வி. மருந்திலேயே முடித்துவிட்டால் நல்லது. அதைவிட நல்லது, பெண் ஒத்துழைத்தால் பாராசெர்விகல் பிளாக், அதாவது கர்ப்பப்பை வாயைச் சுற்றிப் போடும் மரத்துப்போகும் ஊசி.

லிக்னோகெய்ன் உச்ச அளவு கிலோவுக்கு 4.5 மி.கி., மொத்தம் 200ஐத் தாண்டக் கூடாது. நம் ஊரில் 40 கிலோ எடையுள்ள பெண்கள் நிறைய. அவர்களுக்கு 180 மி.கி.தான். கையில் பெரும்பாலும் இருப்பது 2 சதவீத வயல். பத்து மில்லி எடுத்து, பத்து மில்லி நார்மல் சலைன் சேர்த்தால் 1 சதவீதத்தில் இருபது மில்லி, 40 கிலோவுக்கு அதில் 18 மில்லிக்கு மேல் வேண்டாம். வல்செல்லம் (வாயைப் பிடிக்கும் இடுக்கி) பிடிக்கும் 12 மணி இடத்தில் 2 மில்லி. மீதியை வாயும் யோனியும் சேரும் மடிப்பில் 2, 4, 8, 10 மணி இடங்களில் பிரித்து, ஒன்றரை முதல் மூன்று செ.மீ. ஆழத்தில். ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்து, ரத்தம் இல்லையென்றால் மட்டுமே தள்ள வேண்டும். காதில் இரைச்சல், நாக்கு மரத்துப்போகிறது என்றால் நிறுத்திவிடுங்கள்.


ஸ்கேன்_மேஜை

ரேடியாலஜி பார்வையில் மூன்று கட்டம்.

முன்னால்: கர்ப்பப்பை முன்சாய்வா பின்சாய்வா என்று ரிப்போர்ட்டில் எழுதுங்கள், ஆபரேட்டர் அதைப் படியுங்கள். பின்சாய்வில் முன்சுவரிலும், மிகையான முன்சாய்வில் பின்சுவரிலும் ஓட்டை விழும். வாயைத் தாண்டியதும் கருவி நேராகப் போகும், கர்ப்பப்பை வேறு பக்கம் மடங்கியிருக்கும், அதனால்தான். வல்செல்லத்தைப் பிடித்து மென்மையாக வெளிப்பக்கம் இழுப்பது அந்த மடிப்பை நேராக்கத்தான். இழுக்காமல் டைலேட்டர் (வாயை விரிக்கும் கருவி) போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவதுதான்.

இதைவிட முக்கியம், முன்பு சிசேரியன் ஆன பெண். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆகவே தழும்பில் ஒட்டிய கர்ப்பம் நமக்கு அபூர்வமல்ல. பை கீழே, முன்சுவரில், சிறுநீர்ப்பைக்கும் பைக்கும் நடுவில் தசை மெலிந்து அல்லது இல்லாமலே, வாய்க் கால்வாயும் மேல்குழியும் காலியாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ‘இறங்கிக்கொண்டிருக்கும் கருச்சிதைவு’ என்று எழுதி அனுப்பிவிட்டால், அங்கே கண்மூடி சக்‌ஷன் போட்டவர் ரத்தத்தை நிறுத்த முடியாமல் திணறுவார். புரோபை மெதுவாக அழுத்தினால் கருச்சிதைவுப் பை நகரும், தழும்புக் கர்ப்பம் நகராது. கலர் டாப்ளரில் பையைச் சுற்றி ரத்த ஓட்டம் இருப்பதும் தழும்புக் கர்ப்பத்தின் பக்கமே.

நடுவில்: வயிற்று வழி ஸ்கேனை மேஜையிலேயே வைத்துக்கொண்டால் கேனுலா நுனி எங்கே இருக்கிறது என்று தெரியும். சிறுநீர்ப்பை பாதி நிறைந்திருந்தால் போதும். ஃபைப்ராய்டு, செப்டம் (குழியைப் பிரிக்கும் சுவர்), முந்தைய ஓட்டை, மடங்கிய வாய், மூன்றுக்கு மேல் முந்தைய டி அண்ட் சி (வாயை விரித்துச் சுரண்டுவது) என்றால் கட்டாயம் வையுங்கள். கடைசி இரண்டு நிமிடம்தான் மிகப் பயன்: உள்வரிக்கோடு மெல்லியதாக, ஒரே சீராக ஓடினால் வேலை முடிந்தது என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்லலாம்.

பின்னால்: இதைத் தனியாகப் பேச வேண்டும். கீழே எழுதுகிறேன்.


பயாப்சி_ட்ரே

திசுவைப் பார்ப்பது பற்றி. சிரிஞ்சிலிருந்து வடிகட்டியில் கொட்டி, ரத்தத்தை ஓடும் தண்ணீரில் கழுவி, ஒரு கண்ணாடித் தட்டில் தண்ணீரோ சலைனோ ஊற்றி, அடியிலிருந்து விளக்கு அடிங்கள். கோரியான் விரல்கள் (நஞ்சாக வளரும் திசு) வெள்ளையாய், பஞ்சு நூல் பிரிந்தாற்போல் விரிந்து மிதக்கும். டெசிடுவா (கர்ப்பத்தில் தடித்த உள்வரி) மட்டும் என்றால் தடித்து, மங்கலாய், தாள் தாளாக இருக்கும், விரியாது. ஏழு வாரத்துக்கு மேல் பையின் சவ்வையே அடையாளம் காணலாம்.

விரல்களே இல்லையென்றால் இரண்டு சாத்தியம்: உள்ளே விட்டுப்போயிருக்கிறது, அல்லது கர்ப்பம் கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கிறது. அந்த இடத்திலேயே ஸ்கேன், பீட்டா எச்.சி.ஜி. (ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு), மறுநாள்களில் திரும்ப எச்.சி.ஜி. மணி மணியாய்க் கொப்புளங்கள் தெரிந்தால் மோல், அதாவது முறைதவறி வளர்ந்த நஞ்சுத் திசு. எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள். ஹிஸ்டோபதாலஜிக்கு ஃபார்மலின், குரோமோசோம் பரிசோதனைக்கும் டி.பி. கல்ச்சருக்கும் சலைனில் தனியாகக் கொஞ்சம்.


ஹெகார்_நம்பர்_8

வாய் விரிப்பதற்கு முன் தயார்படுத்தினால் பாதிப் பிரச்சினை குறையும். மிசோபிராஸ்டால் 400 மைக்ரோகிராம், யோனி வழியாக மூன்று மணி நேரம் முன். நாக்கடியில் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம் போதும், ஆனால் நடுக்கமும் காய்ச்சலும் அதிகம். முதல் கர்ப்பம், இறுகிய வாய், முன்பு வாயில் லீப் (கம்பி வளையத்தால் திசுவை வெட்டுவது) மாதிரி சிகிச்சை, இவர்களுக்கு விட்டுவிடாதீர்கள். சிசேரியன் ஆனவர்களுக்கும் முதல் மூன்று மாதத்தில் இந்த அளவு கொடுக்கலாம்.

டைலேட்டரைப் பேனா பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடியுங்கள், முஷ்டியில் இல்லை. உள்வாயைத் தாண்டினால் போதும், மேல்சுவரைத் தொட வேண்டியதில்லை. சவுண்ட் போட்டு ஆழம் அளப்பதை நான் விட்டுவிடச் சொல்வேன். மென்மையான கர்ப்பப்பையில் அந்த உலோகக் குச்சிதான் முதலில் துளைக்கும், அதில் கிடைக்கும் தகவலை இருகைப் பரிசோதனையும் ஸ்கேனும் ஏற்கெனவே கொடுத்துவிட்டன.

வேக்யூமைத் திறப்பது கேனுலா உள்ளே போன பிறகுதான். மேல்சுவரை மெல்லத் தொட்டுவிட்டு ஒரு செ.மீ. பின்வாங்கி, அங்கிருந்து 180 டிகிரி இந்தப் பக்கம், 180 டிகிரி அந்தப் பக்கம். துளை வெளிவாய்க்கு வெளியே வந்துவிட்டால் வேக்யூம் போய்விடும். ஓட்டை விழும் பயத்தில் நிறையப் பேர் ஆழமே போகாமல் கீழேயே சுற்றுகிறார்கள், மேலே இருப்பது அப்படியே இருக்கும்.


தாலுகா_ஓஜி

ஓட்டை விழுந்த மாதிரி சந்தேகம் வந்தால் அடுத்த ஐந்து நிமிடம் என்ன செய்வது? வழக்கமான முதல் மூன்று மாதக் கேஸ்களில் ஆயிரத்துக்கு ஒன்று முதல் ஐந்து என்று சம்மதப் படிவத்தில் சொல்கிறோம். அந்த ஒன்று வரும்போது கை நடுங்குகிறது.


ஹெகார்_நம்பர்_8

கருவி எதிர்பார்த்ததைத் தாண்டி ‘சரக்’ என்று போய்விட்டால், முதல் வேலை நிறுத்துவது. வேக்யூம் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிட்டு, பிறகு கருவியை எடுங்கள். வேக்யூமோடு வெளியே இழுத்தால் ஓமென்டமோ (குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை) குடலோ கூடவே வரும்.

டைலேட்டராலோ சவுண்டாலோ மட்டும் என்றால், ரத்தம் கொட்டவில்லையென்றால், பெரும்பாலும் தானே மூடிவிடும். நாடியும் பி.பி.யும் 15 நிமிடத்துக்கொரு தரம், ஆன்டிபயாடிக், வயிறு இறுகுகிறதா என்று பார்ப்பது, இரவு தங்கவைப்பது. உள்ளே இன்னும் கரு இருக்கிறதென்றால் இன்னொருவரோடு, ஸ்கேன் பார்த்துக்கொண்டு, அல்லது லாப்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே முடிப்பது. கேனுலா வேக்யூமோடு உள்ளே போயிருந்தாலோ மஞ்சளாகக் கொழுப்புத் தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். லாப்ராஸ்கோபி அல்லது வயிற்றைத் திறந்து குடலை முழுதாகப் பார்த்தாக வேண்டும், தாலுகாவில் வசதியில்லையென்றால் உடனே ரெஃபர். குடல் காயத்தைத் தவறவிட்டால் இரண்டாம் மூன்றாம் நாள் காய்ச்சலோடும் வீங்கிய வயிற்றோடும் வருவாள்.

பக்கவாட்டுச் சுவர் இன்னொரு பொறி. அங்கே கர்ப்பப்பைத் தமனி இருக்கிறது. வெளியே ரத்தம் குறைவாகத் தெரிந்து உள்ளே அகன்ற தசைநாரில் ஹிமட்டோமா (ரத்தக்கட்டு) சேர்ந்துகொண்டிருக்கும். நாடி ஏறுகிறது, ரத்தம் தெரியவில்லை என்றால் அதைத்தான் நினைக்க வேண்டும்.


மருந்துச்சீட்டு

இரண்டாவது கேள்வி. ஒரே டோஸ், அதுவும் முன்னால். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி சொல்வது டாக்ஸிசைக்ளின் 200 மி.கி., ஒரு மணி நேரம் முன். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பார்கள் என்பதால் மயக்கம் கொடுக்கும் நேரத்தையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆதாரம் எவ்வளவு உறுதி என்றால்: கருக்கலைப்புக்கான சக்‌ஷனில் தொற்று நாற்பது சதவீதம் குறைகிறது என்பது 1996 தொகுப்பாய்விலிருந்து தெரியும். கருச்சிதைவில் 2019ல் மலாவி, பாகிஸ்தான், தான்சானியா, உகாண்டாவில் 3412 பெண்களிடம் நடந்த சோதனையில் டாக்ஸிசைக்ளின் 400 மி.கி.யும் மெட்ரோனிடசோல் 400 மி.கி.யும் சேர்ந்த ஒரு டோஸுக்கு 4.1 சதவீதம் தொற்று, வெற்று மாத்திரைக்கு 5.3. புள்ளிவிவரப்படி உறுதியான வித்தியாசம் இல்லை. தொற்றைக் கறாராக வரையறுத்துப் பார்த்தபோது 1.5க்கு எதிராக 2.6. எனவே பெரிய மந்திரம் இல்லை, ஆனால் மலிவு, ஒரே டோஸ், கொடுக்கலாம்.

ஐந்து நாள் செஃபிக்ஸைம் எழுதுவதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், வயிற்று வலி இருந்தால் அது தடுப்பு அல்ல, சிகிச்சை. அப்போது ஐ.வி. ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டு, தாமதிக்காமல் காலி செய்ய வேண்டும். அழுகிய திசுவை உள்ளே வைத்துக்கொண்டு காய்ச்சல் இறங்கக் காத்திருப்பது ஆபத்து.

ஆர்.எச். நெகட்டிவ் பெண்களுக்கு ஆன்டி-டி ஊசியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி அறுவை முறையில் முடித்தால் 250 யூனிட், அதாவது 50 மைக்ரோகிராம், என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 12 வாரத்துக்குள் வேண்டாம் என்கிறது. உங்கள் மருத்துவமனை நெறிமுறையைப் பின்பற்றுங்கள்.


ஐ.வி.எஃப்_கிளினிக்

மூன்றாவது கேள்வி, ஜெல்.

முதலில் அளவு. கருச்சிதைவுக்குப் பிறகு ஹிஸ்டராஸ்கோபியில் (குழிக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) பார்த்த பெண்களைத் தொகுத்த 2014 ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒட்டு. பயந்துவிட வேண்டாம், பாதிக்கு மேல் மெல்லிய சவ்வுகள், அவற்றில் பல கருத்தரிப்பைத் தடுப்பதில்லை. ஆனால் டி அண்ட் சி எண்ணிக்கை கூடக் கூட ஒட்டும் கூடுகிறது, கடுமையும் கூடுகிறது. இன்னொரு தொகுப்பாய்வில், டி அண்ட் சி ஆனவர்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் 37 வாரத்துக்கு முன் பிரசவம் ஆகும் வாய்ப்பு 1.29 மடங்கு, 32 வாரத்துக்கு முன் 1.69 மடங்கு.

ஹயலூரானிக் ஜெல்லுக்கு இருக்கும் நல்ல ஆதாரம் நெதர்லாந்து சோதனை, 2017. ஏற்கெனவே குறைந்தது ஒரு டி அண்ட் சி ஆகி, மறுபடி கருச்சிதைவுக்காக வந்த 152 பெண்கள். ஜெல் போட்டவர்களில் 13.0 சதவீதம், போடாதவர்களில் 30.6 சதவீதம் ஒட்டு. முதல் தடவை வருபவர்களை அந்தச் சோதனை எடுக்கவே இல்லை. ஆகவே என் பதில்: இரண்டாவது, மூன்றாவது முறைக்குச் செலவுக்கு வழியிருந்தால் போடுங்கள், முதல் முறை மென்மையான சக்‌ஷனுக்குப் பிறகு எல்லாருக்கும் வேண்டாம். அந்தப் பணத்தில் மேஜையில் ஸ்கேன் வைக்கலாம்.

போடும்போது ஒன்று: கர்ப்பப்பை காலியாகி, ரத்தம் குறைந்த பிறகு மெல்லிய கேனுலாவால் மேல்சுவரிலிருந்து பின்வாங்கிக்கொண்டே செலுத்த வேண்டும். ஓட்டமாய் ரத்தம் வரும்போது போட்டால் ஜெல் அதோடு வெளியே வந்துவிடும். தொற்று இருக்கும் கர்ப்பப்பையில் போடக் கூடாது.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை எல்லாருக்கும் 21 நாள் எழுதுவதற்கு ஆதாரம் பலவீனம். ஹிஸ்டராஸ்கோபியில் ஒட்டை வெட்டிய பிறகு எழுதுவது வேறு விஷயம்.


பழைய_யூனிட்

ஹிஸ்டராஸ்கோபில் கண்ணால் பார்த்தே எடுத்துவிட்டால் ஒட்டு குறையும் என்கிறார்களே, எல்லாருக்கும் அதையே செய்யலாமே?


ஐ.வி.எஃப்_கிளினிக்

பிரான்சில் பல மருத்துவமனைகளில் அரைகுறைக் கருச்சிதைவுக்கு ஹிஸ்டராஸ்கோபியையும் வேக்யூமையும் ஒப்பிட்டார்கள், 2023ல் வெளியானது. இரண்டு வருடத்துக்குள் 22 வாரத்தைத் தாண்டிய பிரசவம்: ஹிஸ்டராஸ்கோபியில் 62.8 சதவீதம், வேக்யூமில் 67.6. மேல் என்று நிரூபணமாகவில்லை, நேரமும் கூடுதல். ஆகவே முதல் முறைக்கு வேக்யூம் போதும். நாள்பட்டு ஒட்டிக்கொண்ட மிச்சத் திசுவுக்குத்தான் ஹிஸ்டராஸ்கோப், அங்கே அதன் இடத்தில் வேறெதுவும் வராது.


ஸ்கேன்_மேஜை

சொன்னபடி, பத்தாம் நாள் ஸ்கேன்.

சக்‌ஷனுக்குப் பிறகு இரண்டு வாரம் வரை உள்வரி ஒழுங்கில்லாமல், ரத்தக்கட்டியோடு, கலந்த எதிரொலியோடு தெரிவது சாதாரணம். நாங்கள் ‘12 மி.மீ. கலவை எக்கோ, ஆர்.பி.ஓ.சி. இருக்கலாம்’ என்று எழுதிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விடுகிறோம். அதைப் படித்துக் கியூரெட் போட்டால், மிக மோசமான நேரத்தில் அடித்தள அடுக்கைத் தொடுகிறோம். அந்தச் சமயத்தில்தான் அது ஆறிக்கொண்டிருக்கிறது. 1998ல் வெளியான ஒரு ஆய்வில் இப்படி இரண்டாம் முறை எடுக்கப்பட்ட பெண்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேருக்கு ஒட்டு, அவற்றில் முக்கால்வாசி லேசானவை அல்ல.

ரத்தம் குறைந்துகொண்டிருக்கிறது, காய்ச்சல் இல்லை, வாய் மூடியிருக்கிறது என்றால் அடுத்த மாதவிடாய் வரை விடுங்கள். எந்தத் தனி எண்ணும், 15 மி.மீ. ஆனாலும் சரி, கியூரெட்டுக்கு உத்தரவு அல்ல. ரத்தம் நீடிக்கிறது, உள்ளே திடப்பொருள் தெரிகிறது, ஆனால் நிலை சீராக இருக்கிறது என்றால் மிசோபிராஸ்டால் 600 மைக்ரோகிராம் வாய் வழியாக அல்லது 400 நாக்கடியில். அதுவும் பலிக்காமல் ஆறேழு வாரம் கழித்தும் தங்கியிருந்தால் ஹிஸ்டராஸ்கோப்பில் பார்த்து, கோல்ட் லூப்பால் (மின்சாரம் பாயாத கம்பி வளையம்) அந்தத் துண்டை மட்டும் எடுங்கள். மின் சூடு தேவையில்லை.

டாப்ளரில் அந்த இடத்தில் நிறம் கொப்பளித்தால் ‘ஏ.வி.எம்.’ (தமனியும் சிரையும் நேரடியாக இணைந்த பின்னல்) என்று எழுதிப் பயமுறுத்துகிறார்கள். பிறவியிலேயே இருக்கும் உண்மையான ஏ.வி.எம். அரிது. பெரும்பாலும் இது நஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் தசையின் ரத்த ஓட்டம் கூடுதலாக இருப்பது. மிச்சத் திசு போனதும் சில வாரங்களில் தானே அடங்கும். ஆனால் அங்கே கண்மூடிச் சுரண்டினால் ரத்தம் நிற்காமல் கொட்டும். இந்த ஒரு வரியை ரிப்போர்ட்டின் முடிவுரையில் தடித்த எழுத்தில் போடலாம்: ‘சுரண்ட வேண்டாம், மகப்பேறு மருத்துவரிடம் கலந்து பேசவும்’.


கிராமச்_செவிலியர்

வீட்டுக்கு அனுப்பும்போது என்ன சொல்ல வேண்டும் டாக்டர்? மாமியார், அம்மா எல்லோரும் சுற்றி நின்று கேட்பார்கள், ஒரு வார்த்தையில் சொல்கிற மாதிரி.


தாலுகா_ஓஜி

சிஸ்டர், எழுதிக் கொடுக்கக்கூடியது:

ரத்தக்கசிவு பத்துப் பதினைந்து நாள் வரை விட்டு விட்டு இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் வர வேண்டும். காய்ச்சல் 100.4க்கு மேல், நாற்றம், வயிற்று வலி கூடுவது, மயக்கம், இவையும்.

ஒன்று தனியாகச் சொல்லுங்கள்: சக்‌ஷன் முடிந்து சில மணி நேரத்தில் ரத்தம் திடீரென நின்று, வயிறு பிடித்து இழுத்து வலி கூடினால் ‘நின்றுவிட்டதே, நல்லது’ என்று படுத்திருக்க வேண்டாம். உள்ளே கட்டி சேர்ந்து கர்ப்பப்பை பந்துபோல் இறுகியிருக்கலாம். மறுபடி ஒருமுறை மெல்ல சக்‌ஷன் போட்டால் வலி அடங்கும். அந்தச் சமயத்தில் கியூரெட் வேண்டாம்.

ரத்தம் நிற்கும் வரை உடலுறவும் டாம்பூனும் வேண்டாம். கர்ப்பச் சோதனை மூன்று நான்கு வாரம் வரை பாசிட்டிவாக இருக்கலாம், ஒரு மாதம் கழித்தும் பாசிட்டிவ் என்றால் வர வேண்டும். இரண்டு வாரத்திலேயே முட்டை வெளியாகலாம், உடனே கர்ப்பம் வேண்டாதவர்களுக்கு அன்றைக்கே கருத்தடை. உடனே வேண்டும் என்பவர்களை ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை, ஒரு மாதவிடாய் வந்த பிறகு பார்க்கலாம்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் மாதவிடாய் வரவில்லை, கர்ப்பமும் இல்லை, ஆனால் மாதத்தில் அந்த நாட்களில் மட்டும் வலி வருகிறது என்றால் அனுப்பிவையுங்கள். முன்பைவிட நாப்கின் ஒன்றிரண்டாகக் குறைந்துவிட்டது என்றாலும்.


ஐ.வி.எஃப்_கிளினிக்

அப்படி வருபவரிடம் கண்மூடி ‘டைலேட்’ செய்ய வேண்டாம். சில சமயம் அடைப்பு உள்வாயில் மட்டும்தான். ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்ல வழி திறந்தால் தேங்கிய ரத்தம் வடிந்துவிடும். மேலே ஒட்டு என்றால் சலைன் ஸ்கேன், பிறகு ஹிஸ்டராஸ்கோப், கத்தரியால் வெட்டுவது.

கூடவே ஒன்று. நம் நாட்டில் கர்ப்பப்பை டி.பி. ஒட்டுக்கு ஒரு பெரிய காரணம். ஒரே ஒரு மென்மையான சக்‌ஷன்தான் ஆகியிருக்கிறது, ஆனால் குழி முழுதும் இறுகியிருக்கிறது என்றால் ஆபரேட்டரைக் குறை சொல்லுமுன் உள்வரித் திசுவை ஹிஸ்டோபதாலஜிக்கும் கல்ச்சருக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கும் (டி.பி. மரபணுச் சோதனை) அனுப்புங்கள். டி.பி. இருக்கும்போது மருந்து தொடங்காமல் ஒட்டை வெட்டினால் திரும்ப ஒட்டும், சில சமயம் நோயும் கிளம்பும்.


பழைய_யூனிட்

ஷார்ப் கியூரெட்டை செட்டிலிருந்தே எடுத்துவிடச் சொல்கிறீர்களா?


தியேட்டர்_சிஸ்டர்

எடுத்துவிடலாம் சார். எம்.வி.ஏ. செட்டில் சிம்ஸ் ஸ்பெக்குலம், வல்செல்லம், டைலேட்டர்கள், 6 முதல் 10 வரை கேனுலாக்கள், இரண்டு சிரிஞ்ச், வடிகட்டி, கண்ணாடித் தட்டு. கியூரெட் தனிப் பாக்கெட்டில் ஆட்டோகிளேவ் செய்து அலமாரியில் இருக்கட்டும். வேண்டுமென்றால் யாராவது கேட்டு வாங்க வேண்டும், அப்போது ஏன் என்று ஒருமுறை கேட்கலாம்.